தூள் போடாத தட்டு

நான் ஒரு பொய்ப் படத்தைச் சாட்சியாக வைத்தேன். தெரியாமல் அல்ல, கை தவறியும் அல்ல. நல்ல பகல் வெளிச்சத்தில், கணினியின் முன் நிமிர்ந்து உட்கார்ந்து, முழுப் புத்தியோடு வைத்தேன். அதனால் இருமி இருமி நெஞ்சு புண்ணான பெண்கள் ஊரறியப் பொய்க்காரிகள் ஆனார்கள். நான் மட்டும் இன்றுவரை விஞ்ஞானி!

இதை யாரிடமும் சொன்னதில்லை. பாவசங்கீர்த்தனத்தில்கூட. ராயபுரத்துக் கோயிலில் ஃபாதரின் முன் முழந்தாளிட்டு, கோபப்பட்டேன், பொறாமைப்பட்டேன் என்று சில்லறைப் பாவங்களாகப் பார்த்துப் பொறுக்கிச் சொல்லிவிட்டு எழுந்து வந்திருக்கிறேன். பிறகு உங்களிடம் ஏன்? நீங்கள் யாரென்று எனக்குத் தெரியாது என்பதால்தானோ என்னவோ... நாளைக்குக் காய்கறிக் கடையில் உங்கள் முகத்தில் நான் விழிக்க வேண்டியதில்லை. என் தைரியம் அவ்வளவுதான்.

என் வேலையை முதலில் சொல்லிவிடுகிறேன். மனித நுரையீரலின் செல்களைப் பிளாஸ்டிக் தட்டுகளில் வளர்ப்பேன். ஒரு தலைமுடியின் தடிமனை ஆயிரமாகப் பிளந்தால் ஒரு பங்கு வருமே, அந்த அளவு நுண்ணிய தூள்கள் அந்தச் செல்களுக்குள் புகுந்து என்ன செய்கின்றன என்று பார்ப்பேன். நானோ துகள் என்று எங்காவது படித்திருப்பீர்கள். ஆய்வகம் நகரத்தின் தென்கோடியில். வீடு தண்டையார்பேட்டையில் ஒரு சந்துக்குள். ஞாயிறோ பண்டிகையோ, போய் அந்தச் செல்களுக்கு ஊட்டநீர் மாற்றிவிட்டு வர வேண்டும். இல்லாவிட்டால் பட்டினியில் செத்துவிடும்.

எங்கள் எதிர்வீடு ஸ்டெல்லா அக்கா. எண்ணூர்ப் பக்கம் ஒரு நிறமி ஆலையின் சாக்கு ஷெட்டில் வேலை. பெயின்டுக்கு வெள்ளை நிறம் தருகிற தூள் வரும் சாக்குகளை, காலியானதும் உதறி, தட்டி, மடித்து, மறுபடி உபயோகத்துக்குக் கட்டிவைக்கிற வேலை. முழுக்கப் பெண்கள்தான். மாலையில் ஷேர் ஆட்டோவை விட்டு இறங்கும்போது புருவம்கூட வெளுத்திருக்கும். "இன்னா, எல்லாம் பவுடரு பூசிக்கினு கல்யாணத்துக்குப் போய்ட்டு வர்றீங்களா?" என்று முனைக் கடைக்காரர் கிண்டல் செய்வார். அவர்களும் சிரிப்பார்கள். அந்தச் சிரிப்பு இருமலில் போய் முடியும்.

ஸ்டெல்லா அக்கா கோயில் பாடகர் குழுவில் பாடிக்கொண்டிருந்தவள். பாட்டின் நடுவில் மூச்சு அறுந்து அறுந்து போனதால் தானாகவே ஒதுங்கிக்கொண்டாள். ஒரு மருத்துவர் சளி என்றார், இன்னொருவர் ஆஸ்துமா என்றார். ஷெட்டில் மற்ற பெண்களுக்கும் அதே கதை. கடைசியில் எல்லோரும் சேர்ந்து புகார் கொடுத்தார்கள். தூளை உறிஞ்சி வெளியேற்ற ஓர் இயந்திரம், நோய்ப்பட்டவர்களுக்கு வைத்தியம். கேட்டது இவ்வளவுதான்! "முகப்பவுடரில்கூடச் சேர்க்கிற பொருள், ஒன்றும் செய்யாது" என்றது நிர்வாகம். விசாரிக்க அரசாங்கம் ஒரு குழுவைப் போட்டது.

பூசை முடிந்து வந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, அக்கா என்னைத் தேடி வந்தாள்.

"ஜெனி, நீ இத்தத்தான படிச்சிக்கினு கீற? இந்தத் தூளு நெஞ்சுக்குள்ள பூந்து இன்னா பண்ணுதுன்னு பாத்துச் சொல்லு. வேற எவனாச்சும் சொன்னா துட்டு வாங்கிக்கினு சொல்றான்னுவாங்க. நீ எங்க பொண்ணு. நீ சொல்லிட்டா அப்பீலே கெடையாது."

எனக்குப் பெருமை தாங்கவில்லை. அதையும் சொல்லிவிடுகிறேன். பேராசிரியரிடம் பேசிச் சம்மதம் வாங்கினேன். குழுவும் முறைப்படி முத்திரையிட்ட தூளை ஆய்வகத்துக்கு அனுப்பியது. அறிக்கை எழுதும் பொறுப்பு என்னுடையது.

சோதனை எளிது. ஒரே செல்கள், இரண்டு தட்டுகள். ஒன்றில் தூளை ஊட்டநீரில் கலந்து விட வேண்டும். இன்னொன்றைச் சும்மா விட வேண்டும். அந்தத் தூள் போடாத தட்டுக்குக் கன்ட்ரோல் என்று பெயர். அதில் செல்கள் நலமாக இருந்தால்தான், இதில் செத்ததற்குத் தூள்தான் காரணம் என்று சொல்ல முடியும். சாயம் விட்டு நுண்ணோக்கியில் பார்த்தால் உயிருள்ள செல் பச்சையாக ஒளிரும், செத்தது சிவப்பாக ஒளிரும்.

இனிமேல்தான் என் கூத்து. கிருமி புகாமல் தட்டுகளைத் திறந்து வேலை செய்யும் கண்ணாடிக் கூண்டை ஹூட் என்போம். அதற்குள் காற்று ஓடிக்கொண்டே இருக்கும். தூளை ஒருபோதும் அதற்குள் எடை போடக் கூடாது. தனி அறையில், காற்றாடாத பெட்டியில்தான் போட வேண்டும். புதிதாகச் சேருகிறவர்களுக்கு நானே அலுக்க அலுக்கச் சொல்லித் தரும் பாடம் அது. அன்றைக்கு எடை அறை பூட்டியிருந்தது. சாவிக்காரர் சாப்பிடப் போயிருந்தார். எனக்குக் காத்திருக்கப் பொறுமையில்லை. சின்னத் தராசைத் தூக்கிவந்து ஹூட்டுக்குள் வைத்து, மூடி திறந்த தட்டுகளுக்குப் பக்கத்திலேயே தூளை அள்ளினேன். என் தட்டில் ஒருமுறைகூடக் கிருமி வந்ததில்லை என்று ஆய்வகத்தில் எனக்கு ஒரு பெயர் உண்டு... அந்தத் திமிர்!

பிறகு நுண்ணோக்கியில் பார்த்தேன். தூள் போட்ட தட்டு சிவப்பு. எதிர்பார்த்ததுதான். அடுத்து, தூள் போடாத தட்டை வைத்தேன்... அதுவும் பாதிக்குமேல் சிவப்பு! விளக்கை மாற்றி உற்றுப் பார்த்தேன். செல்களுக்குள்ளே, உட்கருவைச் சுற்றிலும் கூட்டம் கூட்டமாகக் கரும்புள்ளிகள். காற்றில் பறந்த தூள் அந்தத் தட்டிலும் இறங்கியிருந்தது.

திரும்பச் செய்திருக்கலாமே என்று கேட்பீர்கள். செய்திருக்கலாம். உறையவைத்த செல்களை எடுத்து, உயிர்ப்பித்து, வளர்த்து, மறுபடி சோதிக்கப் பல வாரங்கள் ஆகும். ஏற்கெனவே எங்கள் அறிக்கைக்காக ஒருமுறை விசாரணையைத் தள்ளிவைத்திருந்தார்கள். இன்னொரு முறை தள்ள முடியாது என்று குழுத் தலைவர் கறாராகச் சொல்லியிருந்தார். இதெல்லாம் உண்மைதான். இத்தனை வருஷங்களாக எனக்கு நானே சொல்லிக்கொண்டு வந்த காரணமும் இதுதான்.

ஆனால் அது காரணமில்லை! பேராசிரியர் போனில் "ரெடியாம்மா?" என்று கேட்டார். 'இல்லை சார், ஹூட்டுக்குள் தூளை எடை போட்டுவிட்டேன்' என்று சொல்ல எனக்கு வெட்கமாக இருந்தது. நேற்றுச் சேர்ந்த மாணவிகூடச் செய்யாத தப்பு அது. அவர் சிரிப்பார், நாலு பேரிடம் சொல்லிச் சிரிப்பார். அதற்குப் பயந்தேன்.

"ரெடி சார்" என்றேன்.

பழைய ஆராய்ச்சி ஒன்றிலிருந்து நலமான செல்களின் படம் ஒன்றை எடுத்தேன். பச்சைப்பசேலென்று இருந்தது. ஏற்கெனவே அச்சில் வந்த படம் என்பதால் அதைத் தலைகீழாகத் திருப்பினேன், நிறத்தைக் கொஞ்சம் மாற்றினேன். 'தூள் போடாத தட்டு' என்று கீழே எழுதினேன். தூள் கொல்கிறது என்பது எனக்குத் தெரியும், அக்காவின் இருமலை நான் தினமும் கேட்கிறேன், இதில் என்ன பொய் என்று நினைத்தேன். உண்மைக்காகத்தானே இந்தச் சின்னப் புரட்டு என்றுகூட நினைத்துக்கொண்டேன். எவ்வளவு வசதியான நினைப்பு, பாருங்கள்!

அசல் தட்டில் பிளீச்சிங் திரவத்தை ஊற்றினேன். செல்கள் கரைந்ததும் தொட்டியில் கொட்டிக் குழாயைத் திறந்துவிட்டேன்.

அன்று நான் கொட்டியது எதை என்று பின்னால்தான் புரிந்தது. அருகில் வைத்து அள்ளியதற்கே, காற்றில் பறந்து, தொடாத தட்டில் விழுந்து, அந்தத் தூள் செல்களைக் கொன்றிருந்தது. சாக்கு ஷெட்டில் அந்தப் பெண்களுக்கு நடந்ததும் அதுதானே? என் தப்பை அப்படியே எழுதி, இந்தத் தட்டையும் காட்டி, முறையாகச் செய்ய அவகாசம் கேட்டிருந்தால்... கிடைத்திருக்கலாம், கிடைக்காமலும் போயிருக்கலாம். குறைந்தபட்சம் யாரும் பொய்யர் ஆகியிருக்க மாட்டோம்.

விசாரணை நாளன்று ஷெட்டுப் பெண்கள் எல்லோரும் நல்ல சேலை உடுத்தி வந்திருந்தார்கள். ஸ்டெல்லா அக்கா முதல் வரிசையில் உட்கார்ந்து என்னைக் காட்டிப் பக்கத்தில் இருந்தவளிடம் ஏதோ சொல்லிச் சிரித்தாள்.

நிர்வாகத்தின் தரப்பில் ஒரு நிபுணர் வந்திருந்தார். அதிகம் பேசவில்லை. திரையில் என் படத்தைப் போட்டார். பக்கத்தில் எங்கள் ஆய்வகத்தின் பழைய கட்டுரைப் படத்தைப் போட்டார். பிறகு, என் படத்தை மெல்லத் தலைகீழாகத் திருப்பினார். இரண்டிலும் ஒரே மூலையில், கொக்கிபோல் வளைந்த ஒரு நூலிழை பச்சையாக மின்னியது. எப்போதோ எங்கிருந்தோ தட்டில் விழுந்த நூல். நான் அதைக் கவனிக்கவே இல்லை.

"இது எப்படி மேடம்?" என்றார். குரலில் கோபம்கூட இல்லை.

"கோப்பு மாறிவிட்டது" என்றேன்.

"சரி, அசல் படத்தைக் காட்டுங்கள். தட்டைப் பாதுகாத்து வைத்திருப்பீர்களே?"

என்னிடம் எதுவும் இல்லை. நிர்வாகத்தின் வக்கீல் எழுந்து, "ஐயா, படத்தை ஜோடித்தவர்களுக்கு இருமலை ஜோடிக்க எவ்வளவு நேரம் ஆகும்?" என்றார். யாரோ சிரித்தார்கள்.

ஸ்டெல்லா அக்கா எழுந்துவிட்டாள். "இன்னா சார் பேசுற? ஃபோட்டோ மாறிப் பூட்ச்சுன்னா எங்க நெஞ்சுல கீற தூளும் மாறிப் பூடுமா? வா, வந்து காத வச்சிக் கேளு!" என்றாள். அதற்குமேல் இருமல் விடவில்லை. உட்காரச் சொன்னார்கள்.

அறிக்கையைக் குழு நிராகரித்தது. அதோடு, சொல்லிக்கொடுத்துச் சொன்ன வாக்குமூலங்கள் என்று பெண்களின் பேச்சையும் ஒதுக்கியது. அதன் பிறகு புகார் கொடுத்தவர்களுக்கு அந்த ஷெட்டில் வேலை இல்லை. வேறு பெண்கள் வந்து சாக்குகளை உதறினார்கள்.

எனக்கு என்ன ஆனது என்று கேளுங்கள். பேராசிரியர், கோப்புக் குழப்பம் என்று ஒரு வருத்தக் கடிதம் எழுதிக்கொடுத்தார். என்னைக் கூப்பிட்டு, "கேர்ஃபுல்லா இருந்திருக்கணும்மா" என்றார். அவ்வளவுதான்! அப்புறம் பதவி உயர்வுகூட வந்தது.

விசாரணை நடந்த அன்று மாலை வாசலில் அக்கா என்னைக் கட்டிக்கொண்டாள். "அழுவாத கண்ணு. நீ இன்னா பண்ணுவ? துட்டு வாங்கினவன் எவனோ உன் கம்ப்யூட்டர்ல கைய வச்சுட்டான். எனக்குத் தெரியாதா உன்ன?"

இல்லையக்கா, அது நான்தான் என்று சொல்ல வேண்டிய இடம் அது. அவள் தோளில் முகத்தை வைத்து அழுதேன். அழுகையை அவள் தனக்கு வேண்டியபடி புரிந்துகொண்டாள். நான் அதைத் திருத்தவில்லை. படத்தை மாற்றியதைவிட இதுதான் பெரிய அயோக்கியத்தனம் என்று இப்போது தோன்றுகிறது. படத்தை மாற்றியபோது பயந்திருந்தேன். இங்கே எனக்குச் சுகமாக இருந்தது.

சந்து முழுக்க அவள் அதையே சொல்லிவைத்தாள். மீன் வாங்கினால் எங்கள் வீட்டுக்கும் ஒரு பங்கு வரும். கிறிஸ்துமஸுக்கு அவள் வீட்டுக் கேக்கின் முதல் துண்டு எனக்குத்தான். நான் தின்றேன்.

போன வாரம் அவளைப் பார்க்கப் போனேன். இப்போது வீட்டிலேயே ஆக்ஸிஜன் இயந்திரம் ஓடுகிறது. மூக்கில் குழாயோடு, சுவரில் தலையணையைச் சாய்த்து உட்கார்ந்திருந்தாள். என்னைக் கண்டதும் முகம் மலர்ந்தது.

"மாத்தூர்லர்ந்து... பொம்பளைங்க வந்தாங்கடி. அங்கியும் ஒரு சாக்கு ஷெட்டு. இதே தூளு, இதே இருமலு. எங்க ஜெனி கீது, அத்தப் போய்க் கேளுங்கன்னேன். ஒருத்தி கேக்குறா, 'யாரு... அந்த டுபாக்கூர் ஃபோட்டோ பொண்ணா'ன்னு. வுடுவனா நானு? எங்க பொண்ணு பொய் சொல்லாதுடின்னு... சண்டைக்கே பூட்டேன். கத்து கத்துன்னு கத்தி... மூச்சு நின்னு பூட்ச்சு. ரெண்டு நாளு ஆஸ்பத்திரி." சொல்லிவிட்டுப் பெருமையாகச் சிரித்தாள். "ஆனா ஒத்துக்கினாளுங்க. உன்னாண்ட வருவாங்க. செஞ்சு குடு, இன்னா?"

தனக்கே போதாத மூச்சை எடுத்து, என் பொய்க்காகச் செலவழித்திருக்கிறாள்! உண்மை தொண்டைவரை வந்தது. மெய்யாகவே வந்தது. நம்புங்கள்... நம்பாவிட்டாலும் சரி. நாளைக்கு அந்த மாத்தூர்ப் பெண்கள் வந்து கதவைத் தட்டினால் எந்தக் கையால் அவர்களின் தூளை வாங்குவேன்? யார் என் படத்தை நம்புவார்கள்? என்னோடு சேர்ந்து அவர்களும் தோற்பார்களே...

அக்கா மறுபடி வாயைத் திறந்தாள். "எங்க பொண்ணு—"

"பேசாதேக்கா. மூச்சு வாங்குது" என்றேன்.

அவள் மூச்சுக்காகத்தான் சொன்னேன் என்று உங்களிடம் சொல்ல எனக்கு ஆசை. அவள் அப்படித்தான் எடுத்துக்கொண்டாள். தலையை ஆட்டிவிட்டு, என் கையைப் பிடித்தபடி, சொன்னதும் பேச்சை நிறுத்திக்கொண்டாள்.