அவனுக்குப் போட்ட நிபந்தனைகள்

எனக்கு ஒரு தேவாரம்கூட முழுதாகப் பாடமில்லை. இரண்டாவது அடியில் தடுமாறி, பிறகு வாயை மட்டும் அசைப்பேன். ஆனால் அந்த நாய்க்கு நீதிபதி போட்ட நிபந்தனைகளைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்தில் நிற்கக்கூடாது. பூங்காவில் நிற்கக்கூடாது, நீச்சல் குளத்தில் நிற்கக்கூடாது. பதினாறு வயதுக்குக் குறைந்த பிள்ளைகளோடு பழகக்கூடாது. மாதம் ஒருமுறை அதிகாரி முன்னால் போய்க் கையெழுத்து வைக்க வேண்டும். வீடு மாறினால் அறிவிக்க வேண்டும். என் மகள் இருக்கும் இடத்தில் அவன் இருக்கக்கூடாது. அவள் தற்செயலாக வந்துவிட்டாலும் அவன்தான் உடனே வெளியேற வேண்டும். நீதிபதி பிரெஞ்சில் வாசித்தார். மொழிபெயர்த்தவர் எங்கள் ஆள். ஒவ்வொன்றையும் தமிழில் சொல்லும்போது அவர் நிலத்தைப் பார்த்தார். நான் அவனைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

எண்பதுகளில், அகதிகளாக மொன்றியல் வந்த புதிதில், நாங்கள் கோட்-டெ-நெய்ஜ் பகுதியில் ஒரு பழைய அடுக்குமாடியில் இருந்தோம். கட்டடம் முழுக்க எங்கள் சனம். லிஃப்டிலேயே யார் வீட்டில் என்ன கறி என்று தெரிந்துவிடும். நானும் கணவரும் சனிக்கிழமையும் வேலைக்குப் போனோம். நான் தையல் தொழிற்சாலையில், அவர் உணவகத்தில் கோப்பை கழுவ. பத்து வயது மகளை எங்கே விடுவது? அதற்கும் ஓர் ஆள் இருந்தான். கட்டடத்தில் முதலில் கார் வாங்கியவன். சனிக்கிழமைகளில் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு பூங்காவுக்கும் நீச்சல் குளத்துக்கும் போவான். பிள்ளைகள் அவனைக் கார் மாமா என்றார்கள்.

எங்களில் அநேகம் பேருக்கு இங்கே கூடப் பிறந்தவர்கள் இல்லை. அண்ணன் தம்பிமார் ஊரில் இருந்தார்கள், ஜெர்மனியில் இருந்தார்கள், அல்லது எங்கேயுமே இல்லாமல் போனார்கள். ஆகவே தாய்மாமனை இரவல் வாங்கினோம். பிள்ளைக்குக் காது குத்துவதென்றால் மடியில் வைத்திருக்க ஒருவர் வேண்டும். பெண்பிள்ளை பெரியபிள்ளையானால் தேங்காய் உடைத்துத் தலைக்குத் தண்ணீர் வார்க்க ஒருவர் வேண்டும். அவனிடம் காரும் இருந்தது, சிரித்த முகமும் இருந்தது. அரைவாசி வீடுகளுக்கு அவன்தான் மாமன்.

அவனை நம்பியது உன் பிழை என்று யாராவது சொன்னால் அவர்கள் வாயைக் கிழிப்பேன். ஒருவர் சொல்லியும் இருக்கிறார், அவருக்கு நான் கொடுத்த பேச்சில் பிறகு என்னைக் கண்டால் தெருவின் மறுபக்கம் போவார்.

ஒரு சனிக்கிழமை காலை மகளுக்குத் தலை பின்னிக்கொண்டிருந்தேன். "அம்மா, நான் காரில போகேல்லை" என்றாள். ஏன் என்று கேட்டேன். சொன்னாள். என்ன சொன்னாள் என்று இங்கே எழுதமாட்டேன், அது அவளுடையது. பின்னலை முடித்தேனா என்று எனக்கு இன்றுவரை நினைவில்லை.

கணவருக்கு முதலில் பயம்தான் வந்தது. "பொலிசுக்குப் போனா எங்கட அகதிக் கேஸ் என்னாகும்? திருப்பி அனுப்பிப்போட்டாங்கள் எண்டால்?"

"அனுப்பினா அனுப்பட்டும். திருகோணமலையில ஷெல் விழுந்து சாகிறன். இவனை விட்டிட்டு இஞ்ச இருந்து சோறு தின்னமாட்டன்" என்றேன்.

அவர் பிறகு கோட்டை மாட்டிக்கொண்டு என்னோடு வந்தார். பள்ளிக்கூடத் தாதியிடம் போனோம், அங்கிருந்து பொலிஸ், அங்கிருந்து நீதிமன்றம். அவன் குற்றத்தை ஒப்புக்கொண்டான். மனச்சாட்சியால் இல்லை, தண்டனை குறையும் என்று வழக்கறிஞர் சொல்லிக் கொடுத்திருப்பார். சில மாதம் உள்ளே இருந்தான். வெளியே வரும்போது அந்த நிபந்தனைகளோடு வந்தான். பிள்ளையின் பெயர் வெளியே போகக்கூடாது என்றும் நீதிபதி சொன்னார். அன்று இரவு மகள் என் கையைப் பிடித்து, "ஒருத்தருக்கும் சொல்லாதேங்கோ அம்மா" என்றாள். அவள் தலையில் கைவைத்துச் சத்தியம் செய்தேன்.

அதுதான் அவனுக்கு வாய்ப்பாகப் போயிற்று. இமிக்கிரேசன்காரர் தன்னைப் பிடித்து உள்ளே போட்டார்கள் என்று சனத்துக்குச் சொன்னான். எல்லாரும் நம்பினார்கள். நம்பாமல் என்ன? எங்களில் எத்தனை பேர் மாதாமாதம் இமிக்கிரேசன் அலுவலகத்துக்குப் போய்க் கையெழுத்து வைத்தோம்! "கையெழுத்து வைச்சிட்டு வாறன்" என்று கடையில் ஒருவர் சொன்னால், "கவனம் அண்ணை, எல்லாம் நல்லா முடியும்" என்று நாலு பேர் ஆறுதல் சொல்வார்கள். அவனும் அப்படியே சொல்லிக்கொண்டு போனான். அவன் போனது வேறு அலுவலகம், வைத்தது வேறு கையெழுத்து. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்பார்கள். இவன் எங்கள் வீட்டுச் சோற்றிலேயே மறைத்தான்.

இப்போது இப்படிப்பட்டவர்களைப் பதிவேட்டில் பதிந்து, எங்கே இருக்கிறார்கள், எங்கே போகிறார்கள் என்று பொலிஸ் பார்க்கிறதாம். அந்த நாட்களில் அப்படி ஒன்றும் இல்லை. நான்தான் பதிவேடு. அவன் செயின்ட்-மிஷேலுக்கு வீடு மாறியது எனக்குத் தெரியும். எந்தக் கட்டடம், எந்த பஸ், எந்தத் தெப்பனரில், அதுதான் மூலைக்கடையில், சிகரெட் வாங்குகிறான், எல்லாம் தெரியும். ஒரு தடவை பூங்கா வேலியில் சாய்ந்து நின்றவனை பஸ்ஸிலிருந்து கண்டு, அடுத்த நிறுத்தத்தில் இறங்கி ஓடி வந்து எதிரே நின்றேன். அவன் சிகரெட்டை எறிந்துவிட்டுப் போனான். அன்று எனக்கு வேலை பிந்தியது, திட்டு வாங்கினேன். மனம் குளிர்ந்துதான் இருந்தது.

ஆனால் என் வயிறு எரிந்தது வேறொன்றுக்காக. பூங்காவுக்குப் போகமாட்டேன் என்றாள் மகள். பள்ளிக்கூடத்தில் நீச்சலுக்குக் கூட்டிப்போகும் நாளில் வயிற்றுவலி என்றாள். மண்டபத்தில் பூசை என்றால், "அவர் வந்தாலும் வருவார்" என்று வீட்டிலேயே இருந்தாள். நீதிபதி அவனுக்குப் போட்ட நிபந்தனைகளை அவன் காற்றில் பறக்கவிட்டான், என் பிள்ளை ஒன்று விடாமல் கடைப்பிடித்தாள். பெரியபிள்ளையானபோதும் ஒருவருக்கும் சொல்ல வேண்டாம் என்றாள். குளியலறையில் நானே தண்ணீர் வார்த்தேன். கட்டையில போவானே, என் பிள்ளையை வீட்டுக்குள் பூட்டிவிட்டு நீ வெளியில் திரிகிறாயா என்று வார்த்த ஒவ்வொரு செம்புக்கும் திட்டினேன். அவன் அழிய வேண்டும், இவள் வெளியே வர வேண்டும். இரண்டையும் சேர்த்தே நேர்ந்தேன்.

தொழிற்சாலையில் எனக்குப் பக்கத்து மிஷினில் யாழ்ப்பாணத்துப் பெண் ஒருத்தி இருந்தாள். என்னைவிட இளையவள், வெள்ளை மனம். செயின்ட்-மிஷேலில் வீடு. ஒரு வைகாசி மாதம் முகமெல்லாம் மலர வந்தாள்.

"அக்கா, மகள் பெரியபிள்ளையாகிட்டாள். வாற ஞாயிறு தண்ணி வார்க்கிறம். கட்டாயம் வரவேணும்."

"நல்லது. மாமன் முறைக்கு ஆர்?"

"உங்கட பில்டிங்கில முந்தி இருந்த அண்ணைதான். கார் வைச்சிருக்கிறவர். கேட்ட உடன ஓம் எண்டிட்டார்."

நான் மிஷினை நிறுத்தினேன். "அவனை விடும். வேற ஆளைப் பாரும்."

"ஏன் அக்கா? பாவம் அந்த மனிசன். இமிக்கிரேசன்காரர் உள்ள போட்டவங்கள். இப்பவும் மாசாமாசம் கையெழுத்து வைக்கிறார்."

"சொன்னாக் கேளும்."

"என்னெண்டு சொல்லுங்கோவன்!"

என்ன சொல்வேன்? அவன் ஒரு பிள்ளையைக் கெடுத்தவன் என்றால், அடுத்த கேள்வி எந்தப் பிள்ளை என்பதுதான். எங்கள் சனத்தின் வாயில் அந்தக் கேள்வி தயாராகவே இருக்கும். மகள் தலையில் கைவைத்துச் செய்த சத்தியமும் இருந்தது. மிஷினை மறுபடி ஓடவிட்டேன்.

அவன் கையெழுத்து வைக்கும் அதிகாரியின் தொலைபேசி எண் எனக்கு மனப்பாடம். அன்றே அழைத்திருந்தால் காதும் காதும் வைத்த மாதிரி முடிந்திருக்கும். அவனுக்கு ஒரு கண்டிப்பு, அவனும் காய்ச்சல் என்று படுத்துக்கொள்வான், சனத்துக்குத் தொடர்ந்து நல்ல மாமனாக இருப்பான். எனக்கு அந்த நியாயம் வேண்டாம். அந்தப் பிள்ளைக்கு ஞாயிறுவரை ஆபத்தில்லை என்றும் தெரியும். தண்ணீர் வார்க்கும்வரை அவளை அறையில் பெண்களோடு வைத்திருப்பார்கள், ஆண் முகம் பார்க்க விடமாட்டார்கள். அவன் வேட்டியோடும் செம்போடும் நாலு பேர் நடுவில் நிற்கும்போது அவன் முகத்தைப் பார்க்க ஆசைப்பட்டேன். அப்படித்தான் ஆசைப்பட்டேன், அதில் என்ன வெட்கம்!

ஆனால் வாக்கு வாக்குத்தான். அன்று பின்னேரம் வீட்டுப்பாடம் செய்துகொண்டிருந்த மகளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன். எல்லாவற்றையும் சொன்னேன். "நீ ஓம் எண்டாத்தான் பிள்ளை நான் வாய் திறப்பன். இல்லையெண்டா வேற வழி பாக்கிறன்."

வெகுநேரம் பென்சிலைச் சீவிக்கொண்டே இருந்தாள். "அந்தப் பிள்ளைக்கு எத்தினை வயசு?"

"பன்ரண்டு."

பென்சிலை வைத்தாள். "நீங்கள் ஒண்டும் சொல்ல வேண்டாம் அம்மா. நானும் வாறன். நான் வந்தா அவர் போகத்தானே வேணும்?"

நிபந்தனைகள் எனக்கு மட்டும்தான் மனப்பாடம் என்று அதுவரை நினைத்திருந்தேன்.

ஞாயிறு காலை இரண்டு பஸ் மாறிப் போனோம். வழியெல்லாம் அவள் என் கையை விடவில்லை. திரும்பிப் போவமா என்று கேட்டேன், வேண்டாம் என்று தலையை ஆட்டினாள். வீட்டுவாசலில் செருப்பும் சப்பாத்தும் குவிந்து கிடந்தன. முன் அறையில் நீலப் பிளாஸ்டிக் விரித்து நடுவில் ஒரு முக்காலி வைத்திருந்தார்கள். பால், செம்பு, வாழைப்பழம் எல்லாம் வரிசையாக இருந்தன. அறுகம்புல்லுக்கு மொன்றியலில் எங்கே போக? எதிர்ப் பூங்காவில் வெட்டிய புல்லைத்தான் பாலில் போட்டிருந்தார்கள். அவன் கால்வைக்கக்கூடாத பூங்கா!

அவன் நடுவில் நின்றான். பட்டு வேட்டி, இடுப்பில் சால்வை, கையில் தேங்காய். யாரோ பகிடி சொல்ல வயிறு குலுங்கச் சிரித்தான். உள்ளே இருந்து பிள்ளையைக் கூட்டிவந்து முக்காலியில் இருத்தினார்கள். குனிந்த தலை, சின்னத் தோள்கள்.

மகள் என் கையை விட்டாள். ஆட்களை விலக்கிக்கொண்டு போய் அந்தப் பிள்ளைக்குப் பக்கத்தில் நின்றாள். நிமிர்ந்து அவனைப் பார்த்தாள்.

அவன் சிரிப்பு நின்றது. அவளைப் பார்த்தான், ஆட்களுக்குப் பின்னால் என்னைத் தேடிக் கண்டான். நான் பார்த்தபடி நின்றேன். தேங்காயைப் பக்கத்தில் நின்றவர் கையில் திணித்துவிட்டு வாசல் பக்கம் நகர்ந்தான்.

"அண்ணை, எங்க போறியள்? நல்ல நேரம் போகுது!" என்று பிள்ளையின் தாய் பதறினாள்.

"அது... கையெழுத்து வைக்க வேணும். மறந்துபோனன்."

அங்கே நின்றவர்களில் பாதிப்பேர் கையெழுத்து வைக்கிறவர்கள். எந்த நாள், எத்தனை மணி, எந்தக் கதவு என்று அவர்களுக்குத் தெரியாதா?

"ஞாயிற்றுக்கிழமை எந்த ஒபிஸ் ஐசே திறந்திருக்கு?" என்றார் தேங்காயை வாங்கியவர்.

அவன் வாசல் செருப்புக் குவியலில் குனிந்து தன் சப்பாத்தைத் தேடினான். ஒன்று கிடைத்தது, மற்றது கிடைக்கவில்லை. எல்லாரும் பார்த்துக்கொண்டு நின்றார்கள், ஒருவரும் தேடிக் கொடுக்கவில்லை. அந்தத் தேடலை நான் ஆசைதீரப் பார்த்தேன். கடைசியில் ஒரு காலில் சப்பாத்தோடு படியிறங்கினான்.

பிள்ளையின் தாய் என் மகளைப் பார்த்தாள், தன் மகளைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "அக்கா..." என்றாள். நான் சத்தியத்தை நினைத்து உதட்டைக் கடித்தேன்.

மகள்தான் பேசினாள். "அவன் எனக்குக் கூடாத வேலை செய்தவன். அதுக்குத்தான் மறியலில உள்ள இருந்தவன். சின்னப் பிள்ளையளுக்குக் கிட்ட வரக்கூடாது எண்டு நீதிபதி சொன்னவர்."

அன்றுதான் அவள் முதல்முறையாக அவனை 'அவன்' என்றாள். பிறகு என்னை யார் பிடிப்பது? பள்ளிக்கூடத்திலிருந்து தொடங்கி, பூங்கா, குளம், கையெழுத்து என்று எல்லா நிபந்தனைகளையும் அந்தச் சபையில் உரத்துச் சொன்னேன். ஓர் இடத்திலும் தடுமாறவில்லை. முடித்தபோது பிள்ளையின் தாய் அழுதுகொண்டே செம்பை எடுத்துத் தன் பிள்ளைக்குத் தானே தண்ணீர் வார்த்தாள். மாமன் இல்லாமல் என்ன குறைந்து போயிற்று?

திங்கள் காலையே அதிகாரியை அழைத்தேன். அந்தக் கிழமையில் பல வீடுகளில் தாய்மார் பிள்ளைகளைக் கூப்பிட்டு இருத்திக் கேட்டார்கள். கேட்டுவிட்டுச் சிலர் அழுதபடி என்னிடம் வந்தார்கள், அவர்களையும் கூட்டிக்கொண்டு பொலிசுக்குப் போனேன். இந்த முறை அவன் வருடக்கணக்கில் உள்ளே இருந்தான். தமிழரின் மானத்தை வாங்கிவிட்டேன் என்று சில பெரிய மனிதர்கள் குறைப்பட்டார்கள். மன்னித்து விடலாமே என்றும் ஒருவர் வந்தார். அவருக்குத் தேத்தண்ணி கூடக் கொடுக்காமல் கதவைச் சாத்தினேன்.

ஆனால் அவனைப் பிடிக்க இரண்டு கிழமை சென்றது. அதற்கு முன், சடங்கு முடிந்த அடுத்த சனிக்கிழமை, நான் வேலைக்கு வரவில்லை என்று சொல்லிவிட்டேன். காலையில் மகள் துவாயைப் பையில் வைத்துக்கொண்டு வந்து நின்றாள்.

"அம்மா, நீச்சல் குளத்துக்கு அவன் வர ஏலாதுதானே?"

"ஏலாது."

"நான் இருக்கிறது தெரியாம வந்தாலும் அவன்தானே போக வேணும்?"

"அவன்தான்."

"அப்ப வாங்கோ, போவம்."

போனோம். அவள் ஓரத்தில் கொஞ்சநேரம் நின்றாள், பிறகு மூக்கைப் பிடித்துக்கொண்டு குதித்தாள். எனக்கு நீந்தத் தெரியாது. வாசலைப் பார்த்தபடி வாங்குப் பலகையில் உட்கார்ந்திருந்தேன், வந்தால் வரட்டும் என்று.