கொடியில் வெள்ளைத் துணி

வலங்கைமான் பக்கம் எங்கள் வீட்டுக்குப் பின்னால், உமியை எரித்து மின்சாரம் எடுக்கும் ஆலை இருக்கிறது. மதில் முழுக்கப் 'பசுமை மின்சாரம்' என்று எழுதியிருக்கும். என் கணவருக்கு அங்கேதான் வேலை.

காற்று எங்கள் பக்கம் திரும்பினால் கொடியில் காயும் துணியிலெல்லாம் கரித்தூள் படிந்துவிடும். அதனால் வெள்ளைத் துணிகளைத் துவைக்காமல் சேர்த்துவைப்போம். பணம் போடுகிறவர்கள் ஆலையைப் பார்க்க வரும் நாளில் மட்டும் பாய்லரை நிறுத்திவிடுவார்கள். கணவர் முந்தின நாளே சொல்வார், நான் பக்கத்து வீடுகளுக்குச் சொல்வேன்.

தை மாதம் அப்படி ஒரு நாள் தெருவே வெள்ளையாகக் காய்ந்தது. வந்தவர்களில் ஒரு அம்மாள் என் மகளின் சட்டைகளைப் படமெடுத்துக்கொண்டு, "புகைத் தொந்தரவு இருக்காம்மா?" என்று கேட்டார். அவருக்குப் பின்னால் மேனேஜரும் என் கணவரும் நின்றார்கள். என் இடுப்பில் மகள் இழுத்து இழுத்து மூச்சுவிட்டுக்கொண்டிருந்தாள்.

"இன்னிக்கு இல்லைங்க" என்றேன். பொய் இல்லைதானே என்று அன்று முழுவதும் எனக்கே சொல்லிக்கொண்டேன்.

பிறகு வந்த ஆலையின் விளம்பரப் புத்தகத்தில், அட்டையிலேயே எங்கள் கொடி. "நாம துவைச்சோம், ஆலைக்காரனுக்குப் பேரு" என்று பக்கத்து வீட்டு அக்கா சிரித்தார். இன்னொரு பாய்லருக்குப் பணம் கிடைத்துவிட்டது என்றார் கணவர். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

மறுபடியும் ஆட்கள் வருகிறார்கள் என்று நேற்றுக் காலை அவர் சொன்னார். நான் யாரிடமும் சொல்லவில்லை. பாய்லர் ஓடிக்கொண்டிருக்கும்போதே மகளின் சட்டைகளைத் துவைத்துக் கொடியில் போட்டேன். அவர் வேலைக்கு ஏதாவது வந்துவிடுமோ என்று இரண்டு முறை எடுக்கப் போனேன். இரண்டு முறையும் கிளிப்பைத் தொட்டுவிட்டுத் திரும்பிவந்தேன்.

இன்று பாய்லரை நிறுத்திவிட்டார்கள். சட்டைகள் அங்கேயே, புள்ளி புள்ளியாகக் கறுத்துத் தொங்குகின்றன.