காதுக்காரரும் இரண்டு ஜோடி பேரிங்கும்

ஒரு பொருளைப் பற்றித் தெரிந்துகொள்ள வேண்டியதையெல்லாம் தெரிந்துகொண்ட பிறகுதான் அதைத் தேர்ந்தெடுப்பது என்று ஒருவர் இருந்துவிட்டால், அவர் எதையாவது எப்போதாவது தேர்ந்தெடுப்பாரா? காதுக்காரரிடம் இதை யாரும் இப்படிக் கேட்டதில்லை. அவருடைய மனைவி மட்டும் வேறு வடிவத்தில் கேட்டிருக்கிறார்.

"ஏங்க, அந்த சைக்கிள் இந்த ஜென்மத்துல வருமா?"

அவர் லிஃப்டுகளைச் சோதித்துச் சான்று கொடுக்கும் இன்ஸ்பெக்டர். நீளமான திருப்புளி ஒன்றின் முனையை மோட்டாரின் மேல் வைத்து, அதன் பிடியைக் காதில் அழுத்தி, கண்ணை மூடிக்கொண்டு நிற்பார். உள்ளே சுழலும் பேரிங் நலமா இல்லையா என்பது அவருக்கு அந்தத் திருப்புளி வழியே கேட்கும். அதனால்தான் அலுவலகத்தில் அந்தப் பெயர். கீழே பத்தொன்பது மாடிக்காரர்களும் காய்கறிப் பையோடு காத்திருந்தாலும் அவர் கண்ணைத் திறக்கமாட்டார். சத்தம் எங்கிருந்து வருகிறது என்று தெரியாதவரை ஆள் ஏறக்கூடாது என்பது அவருடைய விதி. சந்தேகம் வந்தால், சட்டைப்பையில் கத்தையாக வைத்திருக்கும் 'பயன்படுத்தாதீர்' என்ற சிவப்பு அட்டைகளில் ஒன்றைக் கட்டிவிட்டுப் போய்விடுவார். ஒருமுறை வீட்டுத் துணி துவைக்கும் இயந்திரத்தில் கட்டினார். மூன்று நாள் கையால் துவைத்த பிறகு, உள்ளே ஒரு சட்டைப் பொத்தான் கிடைத்தது. அவருடையதுதான். நல்ல இன்ஸ்பெக்டர் என்று சொல்லலாம். அதற்கு மேல் சொல்வதற்கு அவருடைய மனைவியின் சம்மதம் வேண்டும்.

மனைவியின் தம்பி பல் மருத்துவர். வருடத்துக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை இருவரும் ஊரை ஒட்டிய மலைமேல் இருக்கும் தண்ணீர்த் தொட்டிவரை ஒன்பது கிலோமீட்டர் சைக்கிளில் ஏறுவார்கள். ஆறு வருடமும் மச்சான்தான் முதலில் போய்ச் சேர்ந்தார். அத்தான் மூச்சிரைக்க வந்து சேரும்போது பிஸ்கட் பொட்டலம் காலியாக இருக்கும். "உங்களை நினைச்சுக்கிட்டேதான் சாப்பிட்டேன் அத்தான்" என்பார் மச்சான்.

வீட்டின் முன்னறையில் இரண்டு பொருள்களுக்கு இடமில்லை. மனைவி தையல்காரர். துணி வெட்ட ஆறடி மேஜை வேண்டும். அது இல்லாததால் சாப்பாட்டு மேஜையில் வெட்டினார், சமயத்தில் கட்டிலில் வெட்டினார். சோற்றில் சாக்பீஸ் தூள் இருந்தது, தலையணையில் குண்டூசி இருந்தது. மேஜை போட வேண்டிய சுவரில் சைக்கிள் சாய்ந்து நின்றது. கட்டடத்தின் அடித்தள அறைக்குக் கொண்டுபோகலாம் என்றால், அங்கே வருடம் முழுக்கச் சுவர் வியர்க்கும், இரும்பு ஒரே மாதத்தில் துருவேறிவிடும் என்று காதுக்காரர் மறுத்தார். ஆறாவது தோல்விக்குப் பிறகு மனைவி தீர்ப்புச் சொன்னார்.

"நல்லதா ஒரு சைக்கிள் வாங்குங்க. அடுத்த தடவை அவனை ஜெயிச்சா வண்டி இங்கேயே நிக்கட்டும், நான் வாயைத் திறக்கல. தோத்தா அது கீழ போகுது, என் மேஜை இங்க வருது."

சொன்னதோடு நிற்காமல் டேப்பை எடுத்து அளந்து, சைக்கிளுக்குப் பின்னால் சுவரில் மேஜையின் நீளத்துக்குச் சாக்பீஸால் கோடு போட்டார்.

காதுக்காரர் பதினான்கு மாதம் எடுத்துக்கொண்டார். நடுவில் ஒரு பந்தயம் வரவேண்டியிருந்தது. ஃபிரேம் இன்னும் முடிவாகவில்லை என்று அதைத் தள்ளிப்போட்டார்.

கார்பன் ஃபிரேம் என்பதில் அவருக்குச் சந்தேகமில்லை. எடை குறைவு, துருவும் பிடிக்காது. சந்தேகம் ஃபிரேமின் அடியில் இருக்கும் துளையில். பெடல் தண்டு அதன் வழியாகத்தான் போகிறது, அதைத் தாங்கும் இரண்டு பேரிங்குகளும் அங்கேதான் உட்காருகின்றன. கார்பனை அடுக்கடுக்காக அச்சில் வைத்து வேகவைத்து எடுப்பதால் அந்தத் துளை எப்போதும் சரியான வட்டமாக அமைவதில்லை. வட்டமில்லாத துளையில் பேரிங்கை அழுத்திச் செருகினால் ஒருநாள் இல்லாவிட்டால் ஒருநாள் முனகும். எனவே அவர் வெர்னியர் அளவியோடு கடை கடையாகப் போனார். ஒரு கடையில் ஒன்பது ஃபிரேம்களைக் கவிழ்த்துப் போட்டு, ஒவ்வொரு துளையையும் மூன்று கோணத்தில் அளந்தார். எட்டு முட்டை என்று அறிவித்தார்.

"சார், கண்ணுக்கு வட்டமாத்தான தெரியுது?" என்றார் கடைக்காரர்.

"கண்ணுக்கு பூமிகூடத் தட்டையாத்தான் தெரியுது."

ஒன்பதாவது ஃபிரேமின் துளைக்குள் மரை வெட்டிய உலோகக் குழல் இருந்தது. பேரிங்கைத் திருகித்தான் மாட்ட வேண்டும். வட்டம் அப்பழுக்கில்லாமல் இருந்தது. அதையே எடுத்தார். அது பளீரென்ற ரோஸ் நிறம் என்பது வீட்டுக்கு வந்து மனைவி சொன்ன பிறகுதான் அவருக்குத் தெரியும்.

அந்தப் பதினான்கில் பேரிங்குக்கு மட்டும் ஐந்து மாதம். கடைக்காரர் முதலில் பீங்கான் குண்டுகள் வைத்த பேரிங்கை மாட்டிப் பெடலைத் தட்டிவிட்டார். அது சுழன்றது. அவர் போய் ஒருவருக்குக் காற்றடிக்கும் பம்பு விற்றுவிட்டு, போனில் தங்கையிடம் பேசிவிட்டு வந்தார். இன்னும் சுழன்றுகொண்டிருந்தது. அடுத்து இரும்புக் குண்டுகள் வைத்து, இருபுறமும் ரப்பர் வளையம் அடைத்த பேரிங். ஒன்றரைச் சுற்றில் நின்றுவிட்டது. கடைக்காரர் தன் பிள்ளை மேடையில் பாட்டை மறந்துவிட்டதுபோலத் தலையைக் குனிந்தார்.

காதுக்காரருக்கு முகம் மலர்ந்தது. "காலியா சுத்துறதுக்கா வாங்குறோம்? மேல ஆள் ஏறணும்ல. இது நிக்குதுன்னா உள்ள கிரீஸ் நிறைய இருக்கு, ரப்பர் இறுக்கிப் பிடிக்குதுன்னு அர்த்தம். இதுக்குள்ள தண்ணி போகாது."

ஆனாலும் உடனே முடிவு செய்யவில்லை. இரண்டிலும் ஒவ்வொன்றை வாங்கிவந்து, சமையலறையில் இரண்டு டம்ளர் உப்புத் தண்ணீரில் நாற்பது நாள் ஊறப்போட்டார். முப்பத்தோராம் நாள் தாகத்தோடு வந்த மச்சான் ஒரு டம்ளரை எடுத்துக் கவிழ்த்தார். பேரிங் பல்லில் இடித்தது. பல் மருத்துவர் குளியலறைக்கு ஓடினார். காதுக்காரர் டம்ளரை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, தண்ணீர் எவ்வளவு குறைந்திருக்கிறது என்று வருத்தப்பட்டு, சோதனையை முதல் நாளிலிருந்து ஆரம்பித்தார். முடிவில் ரப்பர் வளையம் போட்டதையே ஜோடியாக வாங்கினார். மச்சானோ அதே கடையில் பீங்கான் பேரிங் சுழன்ற அழகில் மயங்கி, அதில் ஒரு ஜோடியைத் தன் வண்டியில் என்றோ மாட்டிவிட்டிருந்தார்.

பந்தய நாள் வந்தது. ஏழாவது கிலோமீட்டரில், வாழ்க்கையில் முதன்முறையாக, ரோஸ் நிற வண்டி மச்சானின் வண்டியைத் தாண்டியது. இரண்டு வளைவுகள் தாண்டி, தொட்டி கண்ணுக்குத் தெரிந்தது. இன்னும் இருநூறு மீட்டர். ஒரு பக்கம் பாறைச் சுவர். அங்கே அவருக்கு அது கேட்டது.

டிக்.

பெடலின் ஒவ்வொரு சுற்றுக்கும் ஒன்று. டிக். டிக்.

அவர் பிரேக் பிடித்து இறங்கினார். வண்டியைக் கல்லில் சாய்த்து, முதுகுப்பையிலிருந்து திருப்புளியை எடுத்து, துளைக்குப் பக்கத்தில் முனையை வைத்து, பிடியைக் காதில் அழுத்தி, ஒரு கையால் பெடலைச் சுற்றினார். கண்ணை மூடிக்கொண்டார். மச்சான் வந்துசேர்ந்தார்.

"என்ன அத்தான், வண்டிக்கு ஜுரமா?"

கேட்டுக்கொண்டே மச்சான் கடந்து போனார். டிக் டிக் என்ற சத்தமும் அவரோடு கடந்து மேலேறிப் போனது. போகப் போகத் தேய்ந்து, தொட்டியருகே நின்றது. பின்னால் வந்த வண்டியின் சத்தத்தைப் பாறைச் சுவர் திருப்பியடித்திருக்கிறது. அதைத் தன்னுடையது என்று இவர் எடுத்துக்கொண்டார். பதினான்கு மாதம் அதன்மேலேயே எண்ணத்தை வைத்திருந்தவருக்கு எந்தச் சத்தமும் தன்னுடையதாகத்தான் கேட்கும். இருபது வருடமாகக் காதருகே பல் துளைக்கும் கருவியை ஓட்டிய மச்சானுக்கு அது கேட்கவே இல்லை.

காதுக்காரர் மேலே போய்ச் சேர்ந்து, பிஸ்கட் பக்கம் பார்க்காமல், மச்சானின் வண்டியில் சிவப்பு அட்டையைக் கட்டினார். இதை ஓட்டக்கூடாது, நடந்தே இறங்குவோம் என்றார்.

"அத்தான், நான் மேல ஏறி வந்தது இதே வண்டிலதான்."

"அப்ப சத்தம் யாருதுன்னு தெரியாது."

"இப்பத்தான் தெரிஞ்சுபோச்சே."

"யாருதுன்னு தெரியும். எதுன்னு தெரியலையே மச்சான்."

பெடலில் மாட்டும் கொக்கி பொருத்திய காலணிகளோடு ஒன்பது கிலோமீட்டர் நடந்தார்கள். வீடு வந்ததும் மச்சான் வாளித் தண்ணீரில் இரண்டு காலையும் விட்டபடி அக்காவிடம் வெற்றியைத் தெரிவித்தார். வென்றவரின் குரலாக அது இல்லை. அக்கா தன் கணவரைப் பார்த்தார். ஆமாம் என்று தலையாட்டினார் அவர். சாயங்காலமே ரோஸ் வண்டி அடித்தளத்துக்குப் போனது. மூன்றாம் நாள் மேஜை வந்தது, சாக்பீஸ் கோட்டுக்குள் விரல்கூட நுழையாதபடி உட்கார்ந்தது. மனைவிக்கு அதில் வருத்தம் எதுவும் இல்லை. இருக்கவேண்டிய அவசியமும் இல்லை.

அடுத்த ஞாயிறு மச்சான் வண்டியைத் தூக்கிக்கொண்டு வந்தார். அட்டையை அவிழ்க்கும் துணிவு அவருக்கு இருக்கவில்லை. காதுக்காரர் பெடல் தண்டைக் கழற்றி, பீங்கான் பேரிங்குகளை வெளியே எடுத்தார். மழைத்தண்ணீர் புகுந்து இரும்பு உள்வளையங்கள் துருவேறியிருந்தன, குண்டுகளுக்கு நடுவே மணல். ஆபத்து எதுவுமில்லை, சத்தம் மட்டும் போகாது, அன்று ஓட்டிக்கொண்டே இறங்கியிருக்கலாம் என்று அவர் அறிக்கை வாசிக்கும் குரலில் சொன்னார். மச்சான் தன் குதிகாலைப் பார்த்துக்கொண்டார்.

பிறகு, இனிமேல் நீங்கள் சொல்வதையே வாங்கிக்கொள்கிறேன் என்று பணிந்துபோனார். காதுக்காரர் அடித்தளத்துக்கு இறங்கினார். திரும்பிவர வெகுநேரம் ஆனது. கையில் அவருடைய வண்டியின் பேரிங் ஜோடி இருந்தது. ரப்பர் வளையங்கள் அப்படியே இருந்தன. இரண்டு வண்டிக்கும் ஒரே அளவுத் துளை, ஒரே மரை. அதை மச்சானின் ஃபிரேமில் திருகி முடுக்கினார். மச்சான் வீட்டில், ஆறாவது மாடியில், குளிர்சாதன அறையில், வருடத்தில் முந்நூறு நாள் சும்மா நிற்கும் வண்டி அது. பிறகு பீங்கான் ஜோடியைக் கழுவித் துடைத்து, புதுக் கிரீஸ் வைத்துக் கீழே கொண்டுபோய், வியர்க்கும் சுவரருகே நின்ற தன் வண்டியில் மாட்டிவிட்டு மேலே வந்தார். பதினான்கு மாதத்தில் அவர் கற்றது அத்தனையும் இதற்கு நேர் எதிராகத்தான் சொல்லும்.

மேஜையில் வெட்டிக்கொண்டிருந்த மனைவி கத்தரிக்கோலை நிறுத்தினார். "ஏங்க, நல்லதை அவனுக்குக் குடுத்துட்டு, கெட்டதைப் போய் அந்த ஈரத்துல மாட்டிட்டு வர்றீங்க?"

மச்சானும் அதையே கேட்டார், இரண்டு முறை. காதுக்காரர் விரல் இடுக்கிலிருந்த கிரீஸை நிதானமாகத் துடைத்து முடித்தார். சாக்பீஸ் கோட்டுக்குள் உட்கார்ந்திருந்த மேஜையையும் அதில் விரிந்து கிடந்த துணியையும் பார்த்தார்.

"இது யாரோட சட்டை?" என்று கேட்டார்.