அண்ணையைக் கூட்டிவரப் போன மூன்று பேர்

ரயில் திரும்பவும் ஓடத் தொடங்கியிருந்த காலம். நல்லூரில் ஒரு ரியூட்டரியில் ஒரே வாங்கிலிருந்து படித்த நாங்கள் மூன்று பேர், உயர்தரப் பரீட்சை முடிந்த கையோடு ஒரு வெள்ளிக்கிழமை கொழும்புக்குப் போய் ஞாயிற்றுக்கிழமை திரும்புவதென்று திட்டம் போட்டிருந்தோம். ஒருவன் நல்லூர்க்காரன். அவனுக்குத் தெகிவளை மிருகக்காட்சிச்சாலையில் யானை பார்க்க வேண்டும். மற்றவன் உடுப்பிட்டிக்காரன். அவனுடைய மாமா வெள்ளவத்தையில் இருந்தார், தங்குவது அங்கே. நான் குருநகர். கடலை நாங்கள் வாசலிலேயே பார்க்கிறவர்கள். எனக்கு மாடிக் கட்டடங்களைப் பார்க்க ஆசை.

பயணத்துக்குப் பத்து நாள் இருக்கும்போது என் ஐயாவைப் பெரியாஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். நெஞ்சில் தண்ணீர் கட்டியிருந்தது, இனிச் செய்வதற்கு ஒன்றுமில்லை என்றார்கள். கோயில் சுவாமியார் வந்து, சாகக் கிடக்கிறவர்களுக்குக் கொடுக்கிற அவஸ்தைப்பூசுதலும் கொடுத்துவிட்டுப் போனார். ஐயா எதுவும் கேட்கவில்லை. ஆனால் வாசல் படலை திறக்கிற சத்தம் கேட்டால் தலையைத் திருப்புவார். வந்தது யாரென்று பார்த்துவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொள்வார். அவர் யாரைத் தேடுகிறார் என்பது வீட்டில் எல்லோருக்கும் தெரியும்.

அண்ணை வீட்டை விட்டுப் போய் அப்போது மூன்று வருசம். ஐயாவோடு கடல் தொழிலுக்குப் போய்வந்தவர். ஒருநாள் ஐயா கரையில் நின்றுகொள்ள, அண்ணை வேறு இரண்டு பேரோடு கடலுக்குப் போனார். தூரத்தில் கடற்படையின் ரோந்துக் கப்பல் தெரிந்ததும் வலையை அறுத்துவிட்டுப் படகைத் திருப்பிக்கொண்டு வந்துவிட்டார். மூன்று உயிர் தப்பியது. வலை போய்விட்டது. மீன் கூறுபோட்டு விற்கிற இடத்தில், அவ்வளவு சனத்துக்கும் முன்னால், ஐயா அவருக்குக் கன்னத்தில் அறைந்தார். அண்ணை கையை ஓங்கவில்லை. "இனி உங்கடை சவத்துக்குத்தான் வருவன்" என்று சொல்லிவிட்டு அன்றைக்கே கொழும்புக்குப் போனவர், புறக்கோட்டையில் ஒரு வெங்காயக் கடையில் மூட்டை நிறுக்கிற வேலையில் சேர்ந்தார். ஐயாவுக்கு ஒரு கடிதமும் இல்லை. எனக்கு மட்டும், வேண்டிய பாடப் புத்தகங்களை யாராவது வருகிறவர்களிடம் கொடுத்துவிடுவார். அவர் ஐந்தாம் வகுப்போடு நின்றவர். எங்கள் வீட்டில் அதற்கு மேலே படித்தவன் நான் ஒருவன்தான்.

பயணத்தை விட்டுவிடுவோம் என்று நான் அம்மாவிடம் சொன்னேன். அம்மா சம்மதிக்கவில்லை. நீ படித்தவன், கதைத்து இணக்கிக் கூட்டிக்கொண்டு வா, மூச்சு இருக்கும்போதே அவன் வரவேண்டும் என்றார். அண்ணைக்கென்று ஒரு கருவாட்டுப் பொதியும் கட்டினார். உடுப்பிட்டிக்காரன் அதைக் கண்டு பதறிப்போனான். மாமா வீட்டில் வெங்காயமே யோசித்துத்தான் சேர்ப்பார்கள், கருவாட்டோடு போனால் மூன்று பேரும் றோட்டில்தான் படுக்க வேண்டும் என்றான். பொதியை வீட்டிலேயே விட்டுவிட்டுப் போனேன்.

கோச்சியில் போகும்போது அண்ணையிடம் சொல்ல வேண்டியதை வாய்க்குள்ளே சொல்லிச் சொல்லிப் பார்த்தேன். "அண்ணை, ஐயாவுக்குக் கடுமை. ஒருக்கா வந்து பாருங்கோ." நல்லூர்க்காரன் என் உதட்டைப் பார்த்துவிட்டு, "என்னடா, கொழும்பு மட்டும் செபமாலையோ?" என்றான். பிறகு அவனே, நாளைக்கு நாங்களும் உன்னோடு வருகிறோம், யானை எங்கே ஓடப்போகிறது என்றான். எனக்குப் பெரிய ஆறுதலாயிருந்தது. தனியாகப் போய் அண்ணைக்கு முன்னால் நிற்கப் பயமாயிருந்தது.

சனிக்கிழமை காலை புறக்கோட்டையில் இறங்கினோம். கைவண்டிகளும் லொறிகளும் காய்ந்த மிளகாய் நெடியும். பள்ளிக்கூடப் பழக்கத்தில், நல்ல உடுப்பென்று மூன்று பேருமே வெள்ளைச் சட்டை போட்டிருந்தோம். கடையைக் கண்டுபிடித்து வாசலில் நின்றோம். உள்ளே அண்ணை தராசில் மூட்டை ஏற்றிக்கொண்டு நின்றார். மெலிந்திருந்தார். தலை நிமிர்ந்து என்னைப் பார்த்தார். என் பக்கத்தில் நின்ற இரண்டு பேரையும் பார்த்தார். எங்கள் கைகளைப் பார்த்தார். நான் ஒத்திகை பார்த்து வைத்திருந்தது ஒன்றும் வாயில் வரவில்லை. தலையைக் குனிந்தேன்.

எங்கள் பக்கத்தில் சாவு சொல்ல ஒருவன் தனியாகப் போவதில்லை, துணையோடுதான் போவான். கையில் பொதி கொண்டுபோவதில்லை. வாசலில் நின்று வாய் திறந்து சொல்வதுமில்லை, கேட்கிறவன் விளங்கிக்கொள்ள வேண்டியதுதான். அது எனக்குச் சின்ன வயதிலிருந்தே தெரியும். தெரிந்திருந்தும் அந்த நேரத்தில் ஞாபகம் வரவில்லை.

அண்ணை மூட்டையை மெல்ல இறக்கி வைத்தார்.

"எப்ப அடக்கம்?" என்று கேட்டார்.

நல்லூர்க்காரன் ஏதோ சொல்ல வாயெடுத்தான். நான் அவன் கையைப் பிடித்து அழுத்தினேன். ஐயா இருக்கிறார் என்று சொன்னால் அண்ணை வரமாட்டார் என்று எனக்குப் பட்டது. அப்படி நினைத்தேனா, அல்லது பிழையைத் திருத்தத் துணிவில்லாமல் நின்றேனா, இன்றைக்கும் சரியாகத் தெரியாது.

"நீங்கள் வந்த பிறகுதான்" என்றேன்.

அண்ணை வெங்காய மூட்டைகளுக்கு நடுவில் அப்படியே நிலத்தில் இருந்துவிட்டார். பிறகு அழுதார். அவர் அழுது நான் அதற்கு முதல் கண்டதில்லை. மனுசன் அடித்தது சரிதானே, அந்த வலைதானே எங்களுக்குச் சோறு போட்டது, நான் ஒரு கடிதமாவது எழுதியிருக்கலாமே என்று, எங்களிடம் இல்லை, தரையைப் பார்த்துச் சொல்லிச் சொல்லி அழுதார். முதலாளி வந்து தோளில் கைவைத்து, எத்தனை நாளென்றாலும் நின்று வா என்றார்.

அன்று பின்னேரம் காலிமுகத்திடலில் போய் இருந்தோம். பார்க்க வந்த கொழும்பு முழுக்க எங்களைச் சுற்றி இருந்தது. காற்றாடி விட்டார்கள், இறால் வடை விற்றார்கள். எங்களில் ஒருவரும் ஒன்றும் வாங்கவில்லை. உடுப்பிட்டிக்காரன், "உயிரோடை இருக்கிற மனுசனுக்குப் பெட்டி அடிச்சுப்போட்டாயடா" என்றான். நல்லூர்க்காரன், அவன் கூட்டிக்கொண்டு போகத்தானே வந்தவன், கூட்டிக்கொண்டு போகிறான்தானே என்றான். ஆனால் அவனும் என் முகத்தைப் பார்த்துச் சொல்லவில்லை.

ஞாயிறு காலை அண்ணை கோட்டை ஸ்ரேசனுக்குச் சவரம் செய்து, வெள்ளை வேட்டியோடு வந்தார். ஜன்னலோரம் இருந்து, ஐயாவுக்குக் கடைசி நேரம் கஷ்டமாயிருந்ததோ என்று ஒருமுறை கேட்டார். நான் இல்லை என்றேன். மதவாச்சி தாண்டியதும் சட்டைப் பையிலிருந்து ஒரு கறுப்புத் துணித் துண்டை எடுத்தார். துக்கத்துக்குச் சட்டைக் கையில் குத்துகிற துண்டு. இடக்கையில் வைத்துப் பிடித்துக்கொண்டு, என்னைப் பார்த்து, குண்டூசியைக் குத்திவிடு என்றார்.

குண்டூசியை வாங்கினேன். குத்த முடியவில்லை.

"அண்ணை, ஐயா இருக்கிறார்."

கோச்சிச் சத்தத்தில் கேட்கவில்லையோ என்று திரும்பவும் சொன்னேன். மூச்சு இருக்கிறது, உங்களைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறார் என்று முழுவதையும் சொன்னேன். அண்ணை நண்பர்கள் இருவரையும் பார்த்தார். அவர்கள் தலையைக் குனிந்தார்கள்.

"இதுக்கே நான் உன்னைப் படிப்பிச்சனான்?" என்றார். சத்தம் போடவில்லை. கறுப்புத் துண்டை மடித்துப் பைக்குள் வைத்தார்.

வவுனியாவில் சோதனைக்காக எல்லோரையும் இறக்கினார்கள். மற்றப் பக்க மேடையில் கொழும்புக்குத் திரும்பிப் போகிற கோச்சி நின்றது. அண்ணை அதையே பார்த்துக்கொண்டு வரிசையின் கடைசியில் நின்றார். என் முறை வந்து பையைத் திறந்து காட்டும்போதும் நான் அவரையே பார்த்துக்கொண்டிருந்தேன். இனிப் போய்விடுவார் என்றே நினைத்தேன். அவருடைய முறை வந்தது, காட்டினார், நடந்து வந்து எங்கள் கோச்சியிலேயே ஏறினார். எங்கள் பெட்டியில் இல்லை, அடுத்த பெட்டியில்.

வீட்டுக்கு நாங்கள் போய்ச் சேரும்போது வெயில் தணியவில்லை. படலைச் சத்தத்துக்கு ஐயா தலையைத் திருப்பினார். சுவர்ப்பக்கம் திரும்பவில்லை. அண்ணை கட்டிலுக்குப் பக்கத்தில் போய் நின்றார்.

"கறுத்துப்போனாய்" என்றார் ஐயா.

"ஓம். மூட்டை வேலை" என்றார் அண்ணை.

அவ்வளவுதான் கதைத்தார்கள். ஐயா அதற்குப் பிறகு ஒன்பது நாள் இருந்தார். அந்த ஒன்பது நாளும் அவரைத் தூக்கி இருத்தியதும், உடம்பு துடைத்ததும், கஞ்சி பருக்கியதும் அண்ணைதான். என்னோடு அவர் கதைக்கவில்லை. தண்ணீர் எடு, துவாய் எடு என்றுகூட அம்மாவிடம் சொல்லித்தான் என்னைச் செய்விப்பார்.

அடக்கத்தன்று அண்ணை அழவில்லை. கோயிலிலும் இல்லை, சேமக்காலையிலும் இல்லை. பெட்டி இறங்கும்போதும் காய்ந்த முகத்தோடு நின்றார். ஐயாவின் தங்கை, எங்கள் மாமி, எனக்குப் பின்னால் நின்று மற்றப் பெண்களிடம் சொன்னது அண்ணைக்கும் கேட்டிருக்கும்: மூன்று வருசம் எட்டிப் பார்க்காதவனுக்கு எங்கே கண்ணீர் வரும், கொழும்பு அவன் நெஞ்சைத் தின்றுவிட்டது. அம்மாவும் அதைக் கேட்டுக்கொண்டுதான் நின்றார். எனக்குத் தாங்கவில்லை. மாமியிடம் திரும்பினேன். அண்ணை என் மணிக்கட்டைப் பிடித்தார். கோச்சிக்குப் பிறகு அவர் என்னோடு நேராகக் கதைத்தது அப்போதுதான்.

"நான் எங்கை அழுதனான் எண்டு சொன்னால், ஏன் எண்டும் சொல்லவேணும். அம்மா நிக்கிறா. பேசாமல் நில்."

புறக்கோட்டையில் நான் சொன்ன பொய் அம்மாவுக்குத் தெரியாது. நான் பேசாமல் நின்றேன். அவர் குனிந்து ஒரு பிடி மண் எடுத்துப் போட்டார். அடுத்ததாக நான் போட்டேன். மாமி சொன்னதை ஊரில் பலரும் பிறகு பல வருசம் சொன்னார்கள். அம்மாவுக்கும், மகன் அழவில்லை என்ற அந்தக் குறை மனதிலிருந்து போகவே இல்லை.