ஆரியா என்றால் இறக்கு

ஐந்தாம் வகுப்போடு நின்றவன் நான். கூரைக் குடிசை இருந்த இடத்தில் மாடி வீடு கட்டினேன். மூன்று தங்கச்சிகளைக் கரையேற்றினேன். மீமிசலில் வலை இழுத்த கை இது. ஓமானில் உல்லாசப் படகின் சுக்கானைப் பிடித்தது. பேரீச்சம்பழம் ஏற்றிய பழைய மரப்படகுக்கு மெத்தையும் விதானமும் போட்டு டூரிஸ்ட் போட்டாக மாற்றியவன் நான். "இது மிதக்காது" என்று அரபி முதலாளி சிரித்தார். அதற்குப் பிறகு இரண்டு போட் வாங்கி அவற்றையும் என்னிடமே கொடுத்தார்.

வளைகுடாவுக்குப் போட் வேலைக்குப் போகும் பிள்ளைகள் இதைப் படிக்க வேண்டும்.

1. வேலையின் பாஷை

போட்டில் இரண்டு சொல் தெரிந்தால் போதும். ஆரியா என்றால் இறக்கு. அபீஸ் என்றால் தூக்கு. எந்த நாட்டுப் பாஷையோ, யாருக்கும் தெரியாது. ஆனால் மலையாளி, பெங்காலி, குஜராத்தி, நம்ம ஆள் எல்லோருக்கும் புரியும்.

நங்கூரம் சிக்கந்தர் பொறுப்பு. எங்கள் ஊர்க்காரன், கல்யாணம் ஆனவன். அணியத்தில், அதாவது படகின் முன்முனையில், கடலைப் பார்த்து நிற்பான். பின்னால் சுக்கானிலிருந்து நான் "ஆரியா" என்று கத்துவேன். கத்தி வாய் மூடுவதற்குள் நங்கூரம் தண்ணீரில் இருக்கும். திரும்பிப் பார்த்து, யோசித்துப் போடுகிற ஆள் எனக்கு ஆகாது. அப்படித்தான் அவனைப் பழக்கியிருந்தேன்.

2. மூன்று தீவு

கோடையில் வெள்ளைக்காரர்கள் வர மாட்டார்கள். நம்மவர்கள் வருவார்கள், பிள்ளைகளுக்கு லீவு அல்லவா. அன்று ஏறியது ஒரு சென்னைக் குடும்பம். பூர்வீகம் திருமயம் பக்கம். என் பேச்சைக் கேட்டதும் அந்த வீட்டு ஆச்சிக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

"எங்க வீட்டுத் தேக்குத் தூணெல்லாம் கப்பல்ல வந்துச்சாம். ஒங்க ஆளுகதான் கொண்டாந்தீகளா?"

"கொண்டாந்திருப்போம் ஆச்சி. ஒண்ணு ரெண்டு கொறஞ்சிருந்தா எங்கிட்டக் கேக்காதீங்க."

சிக்கந்தர் தேத்தண்ணீர் கொடுத்துக்கொண்டே, "அண்ணன் வீட்டு நெலைக்கதவு தேக்குதான் ஆச்சி, போய்ப் பாருங்க" என்றான். போட்டே சிரித்தது.

ஆச்சியின் மருமகள் எல்லாவற்றையும் போட்டோ எடுத்துக்கொண்டிருந்தாள். அவள் பெயர் ஆர்யா. காலையிலிருந்து அந்தப் பெயரைக் கேட்டுக்கொண்டுதான் இருந்தோம். எனக்கும் எதுவும் தோன்றவில்லை, சிக்கந்தருக்கும் தோன்றவில்லை.

மூன்று தீவுகள் வட்டமாக நிற்கும் இடம் ஒன்று உண்டு. நடுவில் தண்ணீர் பச்சைக் கண்ணாடி மாதிரி அசையாமல் கிடக்கும். டூரிஸ்ட்டுகளுக்கு அந்த இடத்தைக் காட்டிக்கொடுத்ததே நான்தான். அதற்குள் மெதுவாக நுழைந்தோம். சிக்கந்தர் நங்கூரத்தைத் தூக்கி விளிம்பில் வைத்துக்கொண்டு காத்திருந்தான். அவனுக்குப் பின்னால் நங்கூர வடம் வளையம் வளையமாகச் சுற்றிக் கிடந்தது. போட்டோ எடுக்க முன்னால் போன அந்தப் பெண் வளையத்துக்குள் காலை வைத்து நின்றாள்.

"முன்னாடி யாரும் நிக்காதீங்க!" என்று கத்தினேன்.

அவள் புருஷன் பதறி எழுந்து, "ஆர்யா! ஆர்யா!" என்று கூப்பிட்டான்.

எஞ்சின் சத்தத்தில் சிக்கந்தர் காதில் விழுந்தது உத்தரவு. நங்கூரத்தைத் தள்ளிவிட்டான். வடம் சீறிக்கொண்டு ஓடியது. அவள் அலறினாள். அவன் திரும்பினான். ஒரே தள்ளில் அவளை வளையத்துக்கு வெளியே விழத்தாட்டினான். வளையத்துக்குள் இப்போது அவன் கால் இருந்தது.

வடம் அவனைக் கடலுக்குள் இழுத்துக்கொண்டது. நின்ற இடம் காலியாக இருந்தது, அவ்வளவுதான்.

"அபீஸ்! அபீஸ்!" என்று கத்திக்கொண்டே ஓடினேன். போட் சமையல்காரன், அந்தப் புருஷன், எல்லோரும் சேர்ந்து வடத்தை இழுத்தோம். வந்தான். நெஞ்சை அமுக்கினோம், வாயில் ஊதினோம். ஆச்சி அவன் தலையை மடியில் வைத்துக்கொண்டு, "அப்பச்சி, கண்ணத் தொறப்பா" என்று சொல்லிக்கொண்டே இருந்தார்கள். தண்ணீர் அதே பச்சையாகக் கிடந்தது.

3. கையெழுத்து

கம்பெனி மேனேஜர் என்னை அறைக்குள் கூப்பிட்டார்.

"காதர் பாய், தொழிலாளி அஜாக்கிரதைன்னு எழுதியிருக்கு. ஒரு கையெழுத்துப் போடுங்க. கம்பெனிக்கும் நல்லது, ஒங்களுக்கும் நல்லது."

"எனக்கு இங்கிலீஷ்ல எழுதத் தெரிஞ்சது கையெழுத்து மட்டுந்தான் சார். அத இதுல போட மாட்டேன்."

போலீஸிடம் நடந்ததை நடந்தபடி சொன்னேன். அந்தப் புருஷனும் அழுதுகொண்டே, "நான் அவ பேரத்தான் கூப்பிட்டேன்" என்றான். இருந்தும் கம்பெனி ஃபைலில் அஜாக்கிரதை என்றே ஏறிவிட்டது.

சிக்கந்தரின் உடலோடு, மையித்தோடு, நான்தான் மீமிசல் வந்தேன். அடக்கம் முடிந்த மறுநாள், மீன் இறங்குகிற இடத்தில் அவன் அத்தா என்னை நிறுத்தினார். கையில் ஈர வலை.

"ஆளாளுக்கு ஒண்ணு சொல்றாங்கெ காதரு. நங்கூரம் போடத் தெரியாமயா எம்மகன் மவுத்தானான்?"

"இல்ல மாமு. உத்தரவு கேட்டுத்தான் போட்டான்."

"யாரு உத்தரவு? ஒன் உத்தரவா?"

"இல்ல மாமு. அது ஒரு பொண்ணோட பேரு."

அவருக்குப் புரியவில்லை. புரியவைக்க என்னாலும் முடியவில்லை. வலையை உதறிப்போட்டுவிட்டு அங்கிட்டுப் போய்விட்டார். இந்த ஜென்மத்தில் நான் தோற்ற இடம் அது ஒன்றுதான்.

4. விசில்

திரும்பிப் போனதும் என் மூன்று போட்டிலும் ஆரியா என்ற சொல்லை நிறுத்தினேன். நங்கூரத்துக்கு இனி வாய் உத்தரவு கிடையாது. நான் விசில் ஊத வேண்டும். நங்கூரக்காரன் திரும்பி வடத்தையும் என்னையும் பார்க்க வேண்டும். நான் கையை இறக்கினால்தான் நங்கூரம் இறங்கும். முதலில் மற்ற போட்காரர்கள் கேலி செய்தார்கள்: "காதர் பாய் டிராபிக் போலீஸ் ஆயிட்டாரு." இப்போது அந்தக் கரையில் எல்லாப் போட்டிலும் அதுதான் வழக்கம்.

இதில் படிப்பினை சின்னதுதான். வேகமாகக் கீழ்ப்படிகிறவனைவிட ஒரு தடவை திரும்பிப் பார்க்கிறவன் நல்ல வேலைக்காரன்.

ஆனால் இன்றைக்குப் புது ஆட்களுக்குக் கம்பெனி ஒரு வீடியோ காட்டுகிறது. டை கட்டிய ஆபீசர் ஒருவர் விசிலை ஊதிக் காட்டி, இது நாங்கள் கண்டுபிடித்த முறை என்கிறார். அஜாக்கிரதையான ஒரு தொழிலாளி இறந்த பிறகு கொண்டுவந்தோம் என்றும் சொல்கிறார். பேர்கூடச் சொல்வதில்லை.

அந்த விசில் என்னுடையது. மீமிசல் காதர் கொண்டுவந்தது என்று அந்த வீடியோவில் சொல்ல வேண்டும். அஜாக்கிரதை என்ற சொல்லை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் சிக்கந்தர் என்று போட வேண்டும். முதலில் அவன் பேர். அடுத்தது என் பேர். அதற்குப் பிறகு அந்த ஆபீசர் எவ்வளவு வேண்டுமானாலும் ஊதிக்கொள்ளட்டும்.