இரட்டைக் கோடு

2023 ஆகஸ்டு 17, வியாழக்கிழமை. ஐந்தரைக்கு எழுந்து மோட்டார் போட்டுத் தொட்டியை நிரப்பினேன். ஒன்பது மணிக்குச் சின்னாளப்பட்டி சாயப்பட்டறையில் இருந்தேன். நூல் இருப்பைப் பார்ப்பது என் வேலை. சாயம் போடுபவர் நிறத்தின் எண்ணைச் சொன்னதும் அட்டையில் எழுதி நூல்கட்டில் கட்டிவிடுவேன். எனக்குச் சிவப்பும் பச்சையும் ஒரே பழுப்புதான். இருபத்திரண்டு வருடத்தில் ஒரு கட்டுகூட மாறிப் போனதில்லை.

மாலை ஆறு மணிக்கு இளைய மகள் ஒரு படிவத்தை என் முன் வைத்தாள். தாவரவியல் முதலாண்டு படிக்கிறாள். வரலாற்றுக்கு மாற என் கையெழுத்து வேண்டுமாம். மறுநாள் கடைசி நாள்.

"தண்டை வெட்டிச் சாயம் ஏத்தி லென்சுல காட்டுறாங்கப்பா. தண்ணி ஏறுற குழாய், அதான் சைலம், அது சிவப்பு, மத்தது பச்சைங்கிறாங்க. எனக்கு எல்லாம் ஒண்ணாத் தெரியுது. நிறம் தெரியுதான்னு புள்ளி அட்டை காட்டிப் பாத்தாங்க. உங்களுக்கு இருக்கிறதுதான் எனக்கும்."

எனக்கு நம்பிக்கை வரவில்லை. இது ஆண்களுக்கு மட்டும் வருவது என்றே நினைத்திருந்தேன்.

அவள் நோட்டில் வரைந்து காட்டினாள். ஆணுக்குச் சதுரம், பெண்ணுக்கு வட்டம். ஆணுக்கு எக்ஸ் குரோமோசோம் ஒன்றுதான். அதில் குறை இருந்தால் தெரிந்துவிடும். பெண்ணுக்கு இரண்டு, ஒன்று நன்றாக இருந்தாலே பெரும்பாலும் போதும். என்னுடையது அவளுக்கு நிச்சயம் வந்திருக்கும். இன்னொன்று அம்மாவிடமிருந்து. என் மனைவி என் அக்கா மகள். என் அம்மாவிடமிருந்து எனக்கு வந்ததே அக்கா வழியாக மனைவிக்கும் போயிருக்கிறது. எங்கள் இருவருக்கும் நடுவே மகள் இரட்டைக் கோடு போட்டாள். சொந்தத்தில் கட்டியதற்கு அதுதான் அடையாளமாம்.

"வேற பொண்ணே கிடைக்கலயாப்பா உங்களுக்கு?"

மனைவி அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். "நிச்சயத்துக்கு அரக்குச் சேலைன்னு பாட்டில் பச்சைய எடுத்துட்டு வந்த மனுசன். நானா இருக்கப்போயி கட்டிக்கிட்டேன்."

மகள் சிரித்துவிட்டாள். மூத்தவளுக்கு நிறம் நன்றாகத் தெரியுமே என்று கேட்டேன். அம்மாவின் இரண்டில் எது வரும் என்பது ஒவ்வொரு முறையும் பாதிக்குப் பாதி என்றாள். மூத்தவளுக்கு நல்லது வந்திருக்கிறது.

"சரி, நிறத்த விடு. அந்த சைலத்துக்கு வேற அடையாளமே இல்லையா?"

நோட்டைப் புரட்டினாள். "சுவர் தடிமனா இருக்கும். நடுவுல ஓட்டை பெருசா இருக்கும்."

"அப்ப அதான் உனக்கு அட்டை. நான் நூல நிறம் பாத்தா எடுக்கிறேன்?"

அவள் நோட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். படிவம் மேசையிலேயே கிடந்தது. நான் பேனாவை எடுக்கவில்லை.

வெள்ளி காலை நான் எழும்போதே அவள் மேசையில் இருந்தாள். படிவத்தைத் திருப்பிப் போட்டு, வெற்றுப் பக்கத்தில் தண்டின் குறுக்குவெட்டை வரைந்துகொண்டிருந்தாள். சைலத்தின் சுவர்கள் மட்டும் அழுத்தமாக இருந்தன. பென்சில் முனை மழுங்கியிருந்தது. மோட்டார் போடுவதற்கு முன், முதல் வேலையாக அதைச் சீவிக் கொடுத்தேன்.