அக்காவுக்கு வராத அரச பதக்கம்

அக்காவின் முதலாம் ஆண்டு நினைவு நாளில் இம்மலரைக் கையில் வாங்கியிருக்கும் சொந்தங்களுக்கும் நண்பர்களுக்கும் அவருடைய தம்பியின் வணக்கம். அக்காவைப் பற்றி மட்டும் எழுதுவதென்றால் ஒரே நாளில் எழுதியிருப்பேன். என்னைப் பற்றியும் எழுத வேண்டியிருந்ததால் இத்தனை மாதங்கள் ஆகிவிட்டன.

அக்கா விழிதியூரில் பிறந்தவர். அப்பா குத்தகை நிலத்தில் பயிர் வைத்தார். அவர் காலமானபோது நான் பள்ளிச் சிறுவன். அக்கா ஓவிய ஆசிரியர் பயிற்சியை முடித்து, கோட்டுச்சேரியில் வேலைக்குச் சேர்ந்து, அத்தானை மணந்து தலத்தெருவுக்கு வந்தார். என்னையும் கூடவே அழைத்து வந்தார். விலங்கியல் முதுகலை வரை என்னைப் படிக்க வைத்தவர்கள் அவர்கள் இருவருமே.

விடுமுறை நாட்களில் அக்கா மீன்பிடித் துறைமுகத்துக்குப் போய், வலையிலிருந்து எடுத்த நண்டுகளை அங்கேயே உட்கார்ந்து வரைவார். உயிர் போனால் நண்டின் நிறம் சீக்கிரம் மங்கிவிடும் என்பதால் வீட்டுக்கு எடுத்துவரவே மாட்டார். ஐரோப்பாவிலிருந்து ஆய்வுக்காக வந்திருந்த ஒரு பேராசிரியை அங்குதான் அக்காவைப் பார்த்தார். அக்கா தமிழில் சொல்வதைக் கூடப் போகும் நான் அவருக்கு ஆங்கிலத்தில் சொல்வேன்.

ஒருநாள் ஒரே இனம் என்று பேராசிரியை குறித்து வைத்திருந்த இரண்டு நண்டுகளை அக்கா அருகருகே வைத்தார்.

“இது வேற, அது வேறன்னு சொல்லுடா. உசுரோட இருக்கறப்ப கொடுக்கோட உள்பக்கம் பாக்கச் சொல்லு. ஒண்ணுல ஊதா இருக்கு, ஒண்ணுல இல்ல.”

அக்கா சொன்னது சரி என்று பின்னர் ஆய்வுக்கூடத்தில் உறுதியானது. அதுவரை யாரும் பதிவு செய்யாத இனம் அது. பேராசிரியை எழுதத் தொடங்கிய நூலுக்காக அடுத்த ஏழு ஆண்டுகளில் அக்கா முந்நூறுக்கும் மேற்பட்ட படங்களை வரைந்து, ஒவ்வொன்றுக்கும் குறிப்பும் எழுதினார். குறிப்புகளை நான் மொழிபெயர்த்தேன்.

நூல் அச்சுக்குப் போகும் சமயத்தில் பேராசிரியை ஆங்கிலத்தில் ஒரு தாளை அனுப்பினார். படங்களும் குறிப்புகளும் உதவியாளராகச் செய்த பணி, அவற்றின் மீது தனக்கு உரிமை இல்லை என்று அக்கா ஒப்புக்கொள்வதாக அதில் இருந்தது. அதே வாரத்தில்தான் பேராசிரியை தன் பல்கலைக்கழகத்தில் எனக்கு ஆய்வு மாணவர் இடம் வாங்கித் தருவதாகவும் எழுதியிருந்தார்.

“இதுல என்னடா போட்டிருக்கு?” என்று அக்கா கேட்டார்.

“படம் வந்து சேந்துச்சுன்னு எழுதியிருக்கு அக்கா. கையெழுத்துப் போடு.”

போட்டார். சாட்சியாக நான் கையெழுத்திட்டேன். மூன்று மாதத்தில் விமானம் ஏறினேன்.

கலைக்கும் அறிவியலுக்கும் அந்நாட்டு அரசர் வழங்கும் பதக்கம் பேராசிரியைக்குக் கிடைத்தது. அந்த நூலுக்காகவும் அந்தப் புதிய இனத்துக்காகவும் என்று அறிவித்தார்கள். அரங்கில் நானும் இருந்தேன். திரையில் அக்காவின் நண்டுகள் ஒவ்வொன்றாக வந்தன. எல்லாரும் எழுந்து நின்று கை தட்டினார்கள். நானும் தட்டினேன்.

அன்றே அக்கா தொலைபேசியில் கேட்டார். “என் பேரச் சொன்னாங்களாடா?”

“சொன்னாங்க அக்கா. ரெண்டு தடவ சொன்னாங்க.”

மறுவாரம் அத்தான் அந்த விழாவின் காணொளியைத் தேடி எடுத்துப் போட்டுக் காட்டியிருக்கிறார். அக்கா என்னை அழைத்தார்.

“அவுங்க பாஷை எனக்குத் தெரியாது. ஆனா பேரு எந்த பாஷையிலயும் பேருதானே. நாலு தடவ போட்டுக் கேட்டேன். வரலடா.”

அதன் பிறகு அக்கா துறைமுகத்துக்குப் போகவில்லை. தூரிகையையும் தொடவில்லை.

வெட்கம் தாங்காமல் நான் பதக்கக் குழுவுக்கு உண்மையை எழுதினேன். பதில் பேராசிரியையிடமிருந்து வந்தது. என் கையெழுத்துள்ள அந்தத் தாளின் நகல். வேறு ஒரு வரியும் இல்லை.

அதற்குள் அக்காவுக்குப் புற்றுநோய் முற்றியிருந்தது. ஊர் திரும்பி, படுக்கையருகில் உட்கார்ந்து, அத்தானும் கேட்க அந்த நகலை வரிவரியாகத் தமிழில் படித்தேன். ஆய்வு மாணவர் இடத்துக்காகத்தான் மறைத்தேன் என்பதையும் சொன்னேன்.

அக்கா நகலை வாங்கித் தன் கையெழுத்தைப் பார்த்தார். “அன்னிக்கே இப்படிப் படிச்சிருக்கலாம்ல? நீ படிக்கப் போவணும்னா நான் போட்டிருக்க மாட்டேனாடா? கேக்கவே இல்லையே நீ.”

அதிலிருந்து பதினாறாம் நாள் காலையில் அக்கா எங்களை விட்டுப் பிரிந்தார். மன்னித்தாரா என்று கேட்க எனக்குத் துணிவு வரவில்லை.

அக்காவுக்கு முதல் நண்டை எடுத்துக் கொடுத்த துறைமுகத்துப் பெண்களுக்கும், கடைசிவரை வீட்டுக்கே வந்து ஊசி போட்ட செவிலியருக்கும், துக்கத்தில் தோள் கொடுத்த தலத்தெருக்காரர்களுக்கும் எங்கள் குடும்பம் என்றும் கடன்பட்டிருக்கிறது. இக்கட்டுரையை முழுதும் படித்து, ஒரு சொல்லும் மாற்றாமல் அச்சகத்தில் கொடுத்தவர் அத்தான். அவருக்கும் என் நன்றி. அவர் இன்னும் என்னோடு பேசவில்லை.